எட்டு வருட ஹார்ட் டிஸ்க்கை மீட்டதும், அதன் பிறகு செய்துகொண்ட ஏற்பாடும்

தங்கை ஃபோனில் கேட்டது ஒரே ஒரு ஃபைல்தான். "அண்ணா, அப்பா அவரோட சின்ன வயசுக் கதையெல்லாம் பேசி நீ ரெக்கார்ட் பண்ணியே, அதை எனக்கு அனுப்பு. பசங்க கேட்கணும்." ஒன்றேகால் மணி நேரப் பேச்சு அது. அப்பா இப்போது இல்லை. அந்தக் குரல் இருந்தது 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில். அலமாரியிலிருந்து எடுத்து லேப்டாப்பில் செருகினேன்.

ஃபோல்டர் திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஆடியோவை ஓடவிட்டு அங்கங்கே நகர்த்திக் கேட்டேன். நாற்பதாவது நிமிடத்தைத் தாண்டியதும் குரல் நின்றுவிட்டது, பிளேயரும் உறைந்துபோனது. மேசையில் இருந்த டிஸ்க்கின் அருகே காதைக் கொண்டுபோனேன். டிக், டிக், டிக். கொஞ்சம் ஓய்ந்து மறுபடியும் டிக். படிக்க முடியாத ஓர் இடத்தை, தட்டைப் படிக்கும் முனையான அதன் ஹெட் திரும்பத் திரும்பப் போய்த் தட்டிக்கொண்டிருந்தது.

முறைப்படி வெளியேற்றிவிட்டுக் கேபிளைக் கழற்றினேன். அன்று செய்ததிலேயே சரியான காரியம் இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். தட்டின் மேற்பூச்சு ஓர் இடத்தில் பெயர்ந்திருந்தால், ஒவ்வொரு மறுமுயற்சியிலும் அந்தத் துகள் மற்ற இடங்களையும் கீறலாம், ஹெட்டையும் கெடுக்கலாம். நாம் சும்மா இருந்தாலும் கணினி சும்மா இருக்காது. படங்களுக்குச் சிறுபடம் தயாரிக்கும், தேடலுக்காகக் கோப்புகளைத் துழாவும், "இந்த டிரைவில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா" என்று கேட்கும். சரி என்று அழுத்திவிட்டால் அது டிஸ்க் முழுக்க அலைந்து, எழுதவும் ஆரம்பித்துவிடும். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் எதையும் எழுதவே கூடாது.

அதன் பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த டிஸ்க்கின் மேல் நானே ஒட்டிய துண்டுச்சீட்டில் "பேக்கப்" என்று எழுதியிருந்தது. வாங்கிய நாளில் அது உண்மைதான். எல்லாம் லேப்டாப்பிலும் இருந்தது, இதிலும் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் லேப்டாப்பில் இடம் போதவில்லை. "அதான் பேக்கப்பில் இருக்கிறதே" என்று பழைய படங்களையும் ஒலிப்பதிவுகளையும் லேப்டாப்பிலிருந்து அழித்தேன். அந்த நிமிடமே இது பேக்கப்பாக இருப்பது நின்று, ஒரே பிரதி ஆகிவிட்டது. சீட்டு மட்டும் மாறவில்லை. பலருடைய வீட்டில் "பேக்கப்" என்ற பெயரில் இருப்பது இந்த வகைதான் என்று நினைக்கிறேன். உங்கள் டிஸ்க்கில் உள்ள ஏதாவது ஒரு ஃபோல்டரை எடுத்து, இது வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆயுள் பற்றி

ஹார்ட் டிஸ்க் எத்தனை வருடம் உழைக்கும் என்று அன்று இரவு முழுக்கப் படித்தேன். பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகள் எப்படிக் கெடுகின்றன என்பதை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. அந்த முதல் ஆண்டிலேயே, 25,000-க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து அவர்கள் சொன்ன கணக்கு இது: முதல் ஒன்றரை ஆண்டில் வருடத்துக்கு 5.1 சதவீதம் கெட்டன, அடுத்த ஒன்றரை ஆண்டில் 1.4 சதவீதம், மூன்று ஆண்டைத் தாண்டியபின் 11.8 சதவீதம். நான்கு ஆண்டு முடிவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உயிரோடு இருந்தன. பிறகு வந்த ஆண்டுகளில் நிலைமை நிறையவே மேம்பட்டு, ஒட்டுமொத்தமாக வருடத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் என்ற அளவில்தான் கெடுகின்றன.

ஆனால் அவை இருப்பது அடுக்கில் இறுகப் பொருத்தி, குளிர்வித்து, இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடவிடும் சூழலில். நம் வெளி டிஸ்க்கின் வாழ்க்கை வேறு. பையில் அலைகிறது, ஓடும்போது கேபிள் இழுபடுகிறது, மாதக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று சுழலச் சொல்லப்படுகிறது. என்னுடையது ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும்போதே மேசையில் குப்புற விழுந்திருக்கிறது. அதனால் அந்தச் சதவீதத்தை அப்படியே நம் டிஸ்க்குக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. பொருத்தினாலும் என்ன பயன்? ஒரே ஒரு டிஸ்க் வைத்திருப்பவருக்கு அது ஒன்று இருக்கும் அல்லது போகும், நடுவில் சதவீதம் கிடையாது.

மீட்புக்கு முன் ஏற்பாடு

அவசரப்படவில்லை. கழற்றி வைத்த டிஸ்க் அதற்கு மேல் தேயாது. எனவே புதிதாக 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி, முதலில் அதைச் சோதித்தேன். முழுப் பரப்பிலும் ஒருமுறை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க ஏறக்குறைய இருபது மணி நேரம் பிடித்தது. டிஸ்க்குகளில் ஒரு பகுதி வந்த புதிதிலேயே படுத்துவிடும். கெட்டுப்போன ஒன்றிலிருந்து எடுத்து, இன்னும் பழகாத ஒன்றில் போட்டுவிட்டு அதுவும் போனால் தாங்க முடியாது.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைக் கிளப்பினேன். செருகியதும் டிஸ்க்கைத் தானாகத் திறக்கும் வசதியை முதலில் அணைத்தேன். பிறகு பழைய டிஸ்க்கைச் செருகி, ஸ்மார்ட் விவரங்களை மட்டும் படித்தேன். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பு போன்றது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசக் கருவி அதைக் காட்டும்.

ஓடிய நேரம், 9-ஆம் எண்: 11,240 மணி. எட்டு வருடத்தில் மொத்தமே ஒன்றேகால் வருடம்தான் சுழன்றிருக்கிறது. செக்டார் என்பது தட்டில் தரவு எழுதப்படும் சிறு கட்டம். 5-ஆம் எண், அதாவது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள்: 64. 197-ஆம் எண், படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்கும் செக்டார்கள்: 312. 199-ஆம் எண் சுழியம். இது டிஸ்க்குக்கும் உறைக்குள் அது மாட்டியிருக்கும் பலகைக்கும் நடுவே தரவு சிதைந்தால் ஏறும் எண். சுழியமாக இருந்ததால் அந்த இணைப்பைக் குறை சொல்ல வழியில்லை. இத்தனைக்கும் மேலே, ஒட்டுமொத்த உடல்நிலை என்ற வரியில் "தேறியது" என்றிருந்தது! அந்த வரி, தயாரிப்பாளர் வைத்த எல்லையை ஏதாவது ஓர் எண் கடந்தால்தான் மாறும். அதை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 5, 187, 188, 197, 198 ஆகிய ஐந்து எண்களைத்தான் பேக்பிளேஸ் கவனிக்கிறது. இவை சுழியத்திலிருந்து நகர ஆரம்பித்தாலே நாம் நகர வேண்டும்.

இந்த எண்கள் அசையாமலே டிஸ்க் போவதும் உண்டு. கூகுள் பொறியாளர்கள் மூவர் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. பரப்புச் சோதனையில் முதல் பிழை வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாளில் கெடுவதற்கு 39 மடங்கு அதிக வாய்ப்பு என்று அதில் இருக்கிறது. அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது: கெட்டுப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேதான் கெட்டன. எச்சரிக்கை வந்தால் அது உண்மை. வரவில்லை என்பதால் நலம் என்று அர்த்தமில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் டிஸ்க் சுழன்றது, கணினிக்குத் தெரிந்தது, பெரும்பகுதி படித்தது. அதனால் நானே இறங்கினேன். மின்சாரம் கொடுத்ததுமே தொடர்ந்து தட்டிக்கொண்டு, கணினிக்கு அடையாளமே தெரியாத டிஸ்க் என்றால் தொடாதீர்கள். தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்புக்கூடத்துக்குத்தான் அது போக வேண்டும். மூடியைத் திறப்பது வேண்டாம். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் பழைய வைத்தியமும் வேண்டாம், வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். வெளி டிஸ்க்கின் உறையைப் பிரித்து நேரடியாகக் கணினியில் மாட்டலாமே என்று எனக்கும் தோன்றியது. சில வகைகளில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் உறைக்குள் இருக்கும் சிப் எல்லாவற்றையும் பூட்டெழுத்தாக்கித்தான் எழுதும், டிஸ்க்கைத் தனியே எடுத்தால் ஒன்றும் புரியாது. உறையோடு விட்டுவிட்டேன்.

நான்கு நாள்

இதற்கென்றே எழுதப்பட்ட கருவி டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் க்னு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதிய நிரல், இலவசம். சாதாரணமாக ஒரு ஃபோல்டரை இழுத்துப் போட்டால், கணினி முதல் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ கோப்பு, ஃபோல்டர் எதையும் பார்ப்பதில்லை. டிஸ்க்கின் முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை அப்படியே ஒரு பெரிய பிம்பக் கோப்பாக எடுக்கும். கெட்ட இடம் வந்தால் தாண்டிக் குதித்து, நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டு, பிறகு திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதை எடுத்தோம், எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும்.

அப்பாவின் ஃபைலை மட்டும் முதலில் எடுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை. அது இருப்பதே கெட்ட இடத்தில் என்று தெரியும். அங்கே போய் முட்டி ஹெட் போய்விட்டால் மீதி எல்லாமும் போகும். நல்லதை முதலில், புண்ணைக் கடைசியில்.

முதல் சுற்றில் சுரண்டல் வேண்டாம் என்று சொல்லி ஓடவிட்டேன். வினாடிக்கு 80 எம்பி அளவில் அமைதியாகப் போனது. பாதியைத் தாண்டியதும் ஒரு திட்டு வந்தது. வேகம் சில கேபிக்கு விழுந்து, அந்த டிக் சத்தம் மறுபடியும் கேட்டது. திரையில் பிழை எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறியது, ஒவ்வொன்றுக்கும் பல வினாடி. பிறகு அதுவே தாண்டிக் குதித்து மறுபடி வேகம் பிடித்தது. டிஸ்க்கின் வெப்பம் 46 டிகிரிக்குப் போயிருந்ததால் சின்ன விசிறி ஒன்றை அதன் பக்கம் திருப்பினேன், 38-க்கு இறங்கியது. ஒன்பதரை மணி நேரத்தில் முதல் சுற்று முடிந்தது. பாக்கி 1.2 ஜிபி.

இரண்டாம் நாள் சுரண்டல் ஆரம்பித்தது. அன்று இரவு டிஸ்க் கணினியின் கண்ணிலிருந்தே மறைந்துவிட்டது. கேபிளைக் கழற்றி, அரை மணி நேரம் ஆறவிட்டு, திரும்பச் செருகினேன். வரைபடக் கோப்பு இருந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்தக் கோப்பை நான் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கில் வைத்திருந்தேன். பென் டிரைவிலிருந்து கிளப்பிய லினக்ஸின் நினைவகத்தில் விட்டிருந்தால், மின்சாரம் போனதும் அதுவும் போயிருக்கும்.

இங்கே நான் மயிரிழையில் தப்பிய ஒரு விஷயம். திரும்பச் செருகியபோது, பழைய டிஸ்க்கைக் குறிக்கும் பெயரில் லினக்ஸ் வேறு எழுத்து கொடுத்திருந்தது. முந்தைய கட்டளையை அப்படியே மேலம்புக்குறியில் எடுத்து அழுத்தப் போனேன். விரல் என்டர் மேல் இருக்கும்போதுதான் கவனித்தேன். எதிலிருந்து எதற்கு என்பது மாறிப்போனால், மீட்டதன் மேலேயே வெற்றிடத்தை எழுதியிருப்பேன். அதற்குப் பிறகு எழுத்தை நம்பவில்லை. டிஸ்க்கின் வரிசை எண்ணையே பெயராகக் கொண்ட முகவரி லினக்ஸில் உண்டு, கட்டளையில் அதைத்தான் எழுதினேன். டிஸ்க்கின் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டேன்.

மூன்றாம் நாள் பின்னாலிருந்து முன்னாகப் படிக்கச் சொன்னேன். திட்டின் மறுகரையிலிருந்து வந்தால் சில செக்டார்கள் கிடைக்கும், கிடைத்தன. நான்காம் நாள் மீதிக்கு மும்மூன்று முறை மறுமுயற்சி. கடைசியில் நின்றது 11 எம்பி. மொத்தம் 2,000 ஜிபியில் 11 எம்பி. திரை 99.99 சதவீதம் என்று காட்டியது. 197-ஆம் எண் அதற்குள் 2,600-ஐத் தாண்டியிருந்தது. அத்துடன் பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி எடுத்து வைத்தேன்.

11 எம்பி எங்கே விழுந்தது

சதவீதத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. எந்தக் கோப்பில் ஓட்டை என்பதுதான் கேள்வி. டிடிரெஸ்க்யூவில் இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. பிம்பத்தில் எடுக்க முடியாத இடங்களில் மட்டும், நாம் கொடுக்கும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி நிரப்பும். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு சொல்லைக் கொடுத்தேன். பிறகு பிம்பத்தைப் படிக்க மட்டும் என்று திறந்து, எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினேன். எந்தக் கோப்பில் அது இருக்கிறதோ அது அடிபட்ட கோப்பு.

பெரும்பகுதி காலி இடத்திலும், இனி யாருக்கும் தேவைப்படாத பழைய இயங்குதளப் பிரதி ஒன்றிலும் விழுந்திருந்தது. அது போக 14 கோப்புகள். ஒன்பது படம், மூன்று வீடியோ, ஒரு ஜிப், அப்புறம் அப்பாவின் ஒலிப்பதிவு.

ஒரே அளவு காயம், ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு மாதிரி வலிக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஜேபெக் படத்தில் நடுவே 4 கேபி போனால் அதற்குக் கீழே உள்ளது முழுக்கச் சாம்பலாகும், அல்லது நிறம் திரிந்து பக்கவாட்டில் நகரும். சுருக்கப்பட்ட தரவில் ஒவ்வொரு துண்டும் முந்தையதைச் சார்ந்திருப்பதால் இப்படி. ஒரு குழுப்படத்தில் எல்லோருக்கும் நெற்றி இருந்தது, முகம் இல்லை. வீடியோக்கள் ஒரு கணம் சிதறிவிட்டு, முந்தையதைச் சாராமல் முழுப் படமாகப் பதிந்த அடுத்த சட்டம் வந்ததும் சரியாகிவிட்டன. ஜிப்பில் ஓட்டை விழுந்த ஒரு கோப்பு மட்டும் திறக்கவில்லை.

அப்பாவின் குரலை அன்று எந்த யோசனையும் இல்லாமல் சுருக்காத வேவ் வடிவத்தில் பதிந்திருந்தேன். ஒற்றை ஒலித்தடம், கிட்டத்தட்ட 400 எம்பி. அதில் போனது அடுத்தடுத்த ஏழு செக்டார், 28,672 பைட். அந்த வடிவத்தில் ஒரு வினாடிக்கு 88,200 பைட் என்பதால், இழந்தது வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. முன்னும் பின்னும் ஒரு சேதமும் இல்லை. அடையாளச் சொல் நிரம்பியிருந்ததால் அந்த இடத்தில் கர்ரென்று ஓர் இரைச்சல் கேட்டது. மறுபடியும் அந்த இடங்களைச் சுழியத்தால் நிரப்பினேன், அமைதியானது.

41-ஆவது நிமிடம். அப்பா முதன்முதலில் சைக்கிள் ஓட்டப் பழகிய கதை. நண்பன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான். "நான் விழு..." என்கிறார், சின்ன மௌனம், பிறகு "அவன்தான் விழுந்தான்." விழுந்தேனா, விழவில்லையா என்று சொல்லும் அந்தத் துண்டுதான் போயிருக்கிறது. தங்கைக்குப் போட்டுக் காட்டினேன். "விழுகவே இல்லைன்னுதான்ணா சொல்வாரு, எத்தனை தடவை கேட்டிருக்கோம்," என்றாள். ஒலியில் எதையும் ஒட்டவில்லை. அதே ஃபோல்டரில் சிறிய எழுத்துக் கோப்பு ஒன்றை வைத்து, எந்த நிமிடத்தில் என்ன சொல் விடுபட்டது என்று எழுதினேன்.

ஒன்பது படங்களில் நான்கு தங்கையின் ஃபோனில் கிடைத்தன. செயலி வழியாக அனுப்பியது, அதனால் சுருங்கிய பிரதி, ஆனாலும் முகம் இருக்கிறது. இரண்டை எப்போதோ மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியிருந்தேன், அவை அசல் அளவிலேயே கிடைத்தன. மூன்று அப்படியே போயின. அந்த ஆறு படங்களையும் காப்பாற்றியது எந்தத் திட்டமும் இல்லை. யாருக்கோ அனுப்பியிருந்தோம், அவ்வளவுதான். வேறு இடத்தில் இன்னொரு பிரதி இருந்தது.

புதிய ஏற்பாடு

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பினார். பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை என் வீட்டுக்கு ஏற்றபடி செய்துகொண்டேன்.

முதலில் கழித்துக் கட்டினேன். மீட்டதில் உண்மையில் வேண்டியது 640 ஜிபிதான், இரட்டைப் பிரதிகளை நீக்கியதும் 520 ஆனது. இந்த வேலையில் பழைய எழுத்துருப் பிரச்சினை ஒன்று தலைகாட்டியது. பாமினியிலும் திஸ்கியிலும் தட்டச்சு செய்த கடிதங்கள் பத்திரமாக இருந்தன, ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாகத் தெரிந்தன. ஒரு பைட்கூடச் சேதமில்லாமல், படிக்க முடியாமல் போவது இப்படித்தான். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, அசலையும் கூடவே வைத்தேன்.

வேலை செய்யும் பிரதி லேப்டாப்பில். அதற்காகவே, சுழலும் தட்டில்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்றைப் பெரியதாகப் போட்டேன். இரண்டாவது பிரதி, வீட்டிலுள்ள 4 டிபி டிஸ்க்கில். வாரம் ஒருமுறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலைக் கொண்டு தேதியிட்ட ஃபோல்டராக எடுக்கிறேன். மாறாத கோப்புகளை முந்தைய வாரத்தோடு பகிர்ந்துகொள்ளும்படி அமைத்திருப்பதால் ஒவ்வொரு வாரமும் முழு இடம் பிடிக்காது. தேதியிட்ட ஃபோல்டர் ஏன் என்றால், இன்று தவறி அழித்தது நாளை பேக்கப்பிலும் அழிந்துவிடக் கூடாது. ஒத்திசைவுச் சேவைகளை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு நேர்வது இதுதான். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும், கெட்ட கோப்பும் நல்லதன் மேல் உட்காரும். குறிப்பிட்ட நாள்வரைக்கும் பழையதை வைத்திருப்பார்கள், நாம் கவனிப்பது பெரும்பாலும் அந்த நாளுக்குப் பிறகு. ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு முறையில் கட்டி வைத்தாலும் கதை அதேதான். டிஸ்க் கெட்டால் தாங்கும், விரல் தவறினால் தாங்காது.

பேக்கப் முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி வைக்கிறேன். செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். மின்னழுத்தம் எகிறினாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

மூன்றாவது பிரதி, தங்கை வீட்டில். இது வெறும் கோப்புகளாக, பூட்டில்லாமல், எந்தக் கணினியும் திறக்கும் எக்ஸ்ஃபேட் அமைப்பில். படங்களும் குரலும் மட்டும். இதைப் பூட்ட வேண்டுமா என்று நிறைய யோசித்தேன். குடும்பப் படத்தை யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதைவிட, இருபது வருடம் கழித்து யாராலும் திறக்க முடியாமல் போகும் என்பதே எனக்குப் பெரிய பயம். ஆவணங்கள் அதில் இல்லை. நான்காவது பிரதியை இணையச் சேமிப்புக்கு, ரெஸ்டிக் என்ற நிரல் மூலம் இங்கேயே பூட்டி அனுப்புகிறேன். இரவு மட்டும் ஏற்றியதில் முதல் முறை பத்து இரவு ஆனது. அந்தக் கடவுச்சொல் போனால் எல்லாமும் போகும் என்பதால், தாளில் எழுதி இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன்.

அலமாரிப் பிரதிக்கு ஏன் எஸ்எஸ்டி இல்லை என்று கேட்கலாம். விழுந்தால் தாங்கும், சத்தமில்லை, வேகம். ஆனால் அது தரவை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது, மின்சாரமில்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். சிப் துறையின் தரநிலை அமைப்பான ஜெடெக் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்குக் கேட்பது, எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில், 30 டிகிரியில், ஓராண்டு தாங்க வேண்டும் என்பதுதான். புதியது இதைவிட அதிகம் தாங்கும். இருந்தாலும் வருடக்கணக்கில் பெட்டியில் கிடக்கப் போவதற்கு எனக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி.

இதோடு ஒரு பழக்கம். எல்லாக் கோப்புக்கும் ஷா-256 கைரேகை, அதாவது கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியெண், எடுத்துப் பட்டியலாக வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வீட்டு டிஸ்க்கில் உள்ளதை முழுக்கப் படித்துப் பட்டியலோடு ஒப்பிடச் சொல்கிறேன். 520 ஜிபிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. என் பழைய டிஸ்க்கில் அந்தத் திட்டு எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்த இடத்தை நான் வருடக்கணக்கில் படிக்கவில்லை. டிஸ்க்கும் தானாகச் சொல்லாது. யாராவது கேட்டால்தான் படித்துப் பார்க்கும், படிக்க முடியவில்லை என்பது அப்போதுதான் அதற்கே தெரியும்.

திரும்ப எடுத்துப் பார்த்தது

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் தவறுதலாகத் தரவுத்தளம் அழிக்கப்பட்டபோது, தாங்கள் வைத்திருந்த ஐந்து பேக்கப், பிரதி முறைகளில் எதுவுமே நம்பும்படி வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அவ்வளவு பொறியாளர்கள் இருக்கும் இடத்திலேயே அப்படி என்றால், நான் அமைத்ததைச் சோதிக்காமல் விட முடியாது.

முதல் சோதனையை நானே செய்தேன். வேறு கணினியில், இணையப் பிரதியிலிருந்து மட்டும், முழுவதையும் இறக்கிக் கைரேகைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஸ்கேன் செய்த கடிதங்கள் இருந்த ஃபோல்டர் மொத்தமாக இல்லை. காரணம், "தற்காலிகம்" என்று பெயர் தொடங்கும் ஃபோல்டர்களை விட்டுவிடு என்று நானே விதி எழுதியிருந்தேன். ஸ்கேன் செய்த நாளில் அந்த ஃபோல்டருக்கு "தற்காலிகம் - பிறகு அடுக்க வேண்டும்" என்று பெயர் வைத்திருந்தேன். பெயரை மாற்றி, விதியையும் எடுத்தேன். நிரல் ஒவ்வொரு நாளும் "வெற்றி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சோதனை தங்கையுடையது. நான் இல்லாத நாளில் வேலைக்கு ஆகுமா என்பதுதான் கேள்வி. ஒரு பக்கத் தாளை மட்டும் கொடுத்தேன்: எந்த நிரல், எந்த முகவரி, என்ன கடவுச்சொல், எந்த ஃபோல்டர். ஃபோனில் கேட்கக் கூடாது என்று பேச்சு. ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கடவுச்சொல்லை எடுத்துக்கவே மாட்டேங்குது."

எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னேன். நான் சுழியம் என்று எழுதியதை அவள் ஆங்கில ஓ என்று எடுத்திருந்தாள். என் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுதான். திருத்தியதும் இறங்க ஆரம்பித்தது. ஃபோனை வைக்காமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் அப்பாவின் குரல் கேட்டது, பசங்களின் சத்தமும்.

அன்று மாலையே தாளைப் புதிதாக எழுதினேன். எண்களுக்கும் எழுத்துகளுக்கும் வேறு வேறு நிற மை, கடவுச்சொல்லுக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தையும் சொல்லாக. பழைய தாள்கள் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, புதியதில் ஒன்றை அவளிடம் கொடுத்திருக்கிறேன்.